நாவின் தீர்ப்பு

பாசிர் கூடாங் துறைமுகத்தை அடுத்துள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் செம்பனை எண்ணெய் செந்நிறத்தோடும் தனக்கே உரிய மணத்தோடும் வந்து சேர்கின்றது. அங்கே நிறம் நீக்கப்பெற்று, வெற்றிடக் கலத்தில் ஏறத்தாழ 250 பாகை வெப்பத்தில் நீராவி செலுத்தப்பெற்று, மணமும் இழந்து வெளியேறுகின்றது. எந்தத் தோட்டத்துப் பழம் என்பதற்கான சுவடு அதில் எஞ்சுவதில்லை. எஞ்சினால் அது குறையாகும். அவ்வெண்ணெயின் நிறத்தை அளக்க வழங்கும் லோவிபாண்டு அளவுமுறை, பியர் காய்ச்சும் தொழிலில் இருந்த ஜோசப் லோவிபாண்டு என்னும் ஆங்கிலேயர், தம் பியரின் நிறத்தைக் கணிப்பதற்காக 1880களில் கண்டது. மதுவுக்குப் பிறந்த கருவி எண்ணெய்க்கு உதவுகின்றது. ஆயின் மதுவின் சுவைக்கு அத்தகைய கருவி உண்டா? அதில் கலந்துள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் பொறிகள் வந்துவிட்டன. எது நன்று என உரைக்கும் பொறி வரவில்லை. அத்தீர்ப்பு இன்னும் மூக்கிடமும் நாவிடமுமே உள்ளது.

அத்தகைய தீர்ப்பு அறிவின்பாற்பட்டதா, வெறும் விருப்பின்பாற்பட்டதா என்பதே வினா. இதனை ஆராய விஸ்கியைச் சான்றாகக் கொள்வது தமிழாசிரியர் சிலர்க்கு நெருடலாகலாம். அந்நெருடலில் நியாயம் உண்டு. அது பின்னர் நோக்கப்பெறும்.

அமெரிக்க நாட்டுப் போர்பன், குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் கொண்ட கூழிலிருந்து வடிக்கப்பெற்று, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் வைக்கப்பெறுவது. ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மீண்டும் போர்பனுக்கு ஆகாது. ஆதலின் அப்பீப்பாய்களுள் பல கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்று, அங்கே மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஸ்காட்ச் விஸ்கியைத் தாங்குகின்றன. ஒன்றன் எச்சம் மற்றொன்றன் சுவையாகின்றது. போர்பனில் வனிலாவும் கருகிய சர்க்கரையும் போன்ற இனிமை முந்தி நிற்கும். ஐலா தீவின் ஸ்காட்ச் வகைகள் பலவற்றிலோ, வாற்கோதுமை முளையைச் சதுப்பு நிலத்துக் கரிமண் எரித்து உலர்த்துவதால், புகையும் மருந்து நெடியும் தோன்றும். தேர்ந்தோர் பருகுவதைவிட முகர்வதே மிகுதி. நீர் கலந்து செறிவைக் குறைத்து முகர்வர், வாயில் இட்டதையும் பெரும்பாலும் உமிழ்ந்துவிடுவர்.

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், சுவையின் தரம் பற்றி 1757இல் வெளியிட்ட கட்டுரையில், டான் குவிக்சாட் என்னும் ஸ்பானிய நாவலின் கதை ஒன்றை எடுத்தாள்கின்றார். உறவினர் இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்தனர். நல்ல மதுதான், சிறிதே தோல் வாடை உண்டு என்றார் ஒருவர். இரும்பு வாடை என்றார் மற்றவர். சூழ நின்றோர் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது, அடியில் தோல்வாரில் கோத்த இரும்புத் திறவுகோல் ஒன்று கிடந்தது.

கதை அழகியது, ஆனால் அது வினாவில் பாதியையே விடுவிக்கின்றது. புகை உண்டு என்பது மெய்யோ பொய்யோ ஆகக்கூடிய கூற்று. புகை இனிது என்பதோ அவ்வாறன்று. அதற்குச் சான்றாக எந்தப் பீப்பாயின் அடியிலும் திறவுகோல் கிடைக்காது. அவ்வளவில் எல்லாம் அவரவர் விருப்பம் என்று கைகழுவிவிடலாமா? ஒருவர், “இஃது எனக்கு உவப்பன்று, ஆயினும் நன்கு அமைந்தது” என்று சொல்லக் கேட்கின்றோமே, அதற்குப் பொருள் என்ன? தம் விருப்பத்தைத் தாமே ஒதுக்கி நிறுத்திப் பார்க்க அவரால் இயன்றது என்பதுதான். கைக்கின்ற பாகற்காயையும் பதமாகச் சமைத்தார்கள் என்று ஒப்புகின்ற நாவு அது. பாடத்தில் வரும் கவிதை தமக்குப் பிடிக்காதபோதும் அதன் அருமையை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர் இதை நன்கு அறிவார்.

இதற்குப் பெரும்பகை பெயர். 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், போர்தோவில் மதுவியல் பயின்ற மாணவர் 54 பேர்க்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயின் தரப்பட்டது. அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தனர். கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்தது. 2010இல், கவிஞர் ராபர்ட் பர்ன்சின் பிறந்தநாளை ஒட்டி எடின்பரோவின் லீத் பகுதியில் பெயர் மறைத்து நடந்த சுவைப்பில், தைவானின் கவலான் விஸ்கி ஸ்காட்ச் வகைகள் சிலவற்றைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. பெயரைக் காட்டியிருந்தால் அவ்விடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் மால்ட் விஸ்கியை 2004இல் கிளாஸ்கோவில்தான் அறிமுகம் செய்தது. வெப்ப நாட்டில் பீப்பாயிலிருந்து ஆவியாகும் பங்கு மிகுதி, முதிர்ச்சியும் விரைவு. ஆகவே புட்டியின் மீதுள்ள ஆண்டுக் கணக்கைக் கண்டு தலைவணங்குவதும் பெயருக்கு வணங்குவது போன்றதே.

இனி நெருடலுக்கு வரலாம். மலாயாத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி கள்ளுக்கடைக்கே திரும்பிச் சென்ற காலம் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்துக் கிளர்ந்தனர். பின்னர் சம்சு வந்தது. 2018இல் மெத்தனால் கலந்த போலி மது சிலாங்கூரில் பல உயிர்களைக் குடித்தது. தேர்ந்த நாவும் அந்த நஞ்சைக் காட்டிக்கொடுத்திராது. அங்கே தீர்ப்பு ஆய்வுக்கூடத்துக்கே உரியது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் கடிந்தது அறிவு அழிவதை. முகர்ந்து உமிழ்பவர் அக்குற்றத்துக்கு ஆளாகாமல் இருக்கலாம். ஆனால் விஸ்கிக் கிண்ணத்தை நாகரிகம் என்றும் கள்ளுக் குவளையை இழிவு என்றும் பேசுவோர் சுவையைத் தீர்ப்பிடவில்லை, விலையைத்தான் தீர்ப்பிடுகின்றனர். அதியமானை இழந்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், கள்ளைப் பகிர்ந்த கை அன்பின் கையாகவே நினைக்கப்படுகின்றது.

கட்டுரைப் போட்டிகளில் பெயரை நீக்கி எண் இட்டு நடுவர்க்குத் தாள் அனுப்பும் வழக்கம் உண்டு. எனினும் பழகிய நடையும் பழகிய சொல்லாட்சியும் சில வேளை எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது நடுவர் ஏற்கெனவே எழுதிய மதிப்பெண்ணின் மேல் அவருடைய பேனா சற்றே தயங்கி நிற்கின்றது. அறையில் வேறு எவரும் இல்லை.