ஆகுமானதும் அடைக்கலமும்

அறியாத பறவை ஒன்றைக் கண்டால் நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி, "இது ஆகுமா, ஆகாதா?" என்பதே. இதனை எள்ளி நகைப்போர் உண்டு. நாம் நகைக்க மாட்டோம். வாயில் இடுமுன் மார்க்கத்தைக் கேட்பது உயர்ந்த பழக்கம். ஆயின், அந்தக் கேள்வியோடு பறவையைப் பற்றிய பேச்சே முடிந்துவிட்டதா என்பதுதான் இங்கே நாம் ஆராயப் புகுவது.

எகிப்து நாட்டு ஷாபிஈ மத்ஹபுப் பேரறிஞர் கமாலுத்தீன் தமீரீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 808இல், அதாவது கி.பி. 1405இல் மறைந்தார்கள். 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் உயிரினங்களை அரபு எழுத்து வரிசையில் நிறுத்தி எழுதியவர்கள் அவர்கள். இளமையில் தையல் தொழில் செய்தவர்கள் என்பர். நூலும் பல துணிகளை ஒட்டுச் சேர்த்த போர்வை போலத்தான் இருக்கும். பெயரின் பொருள், உயிரின் இயல்பு, அதனைப் பற்றி வந்த ஹதீஸ், வழங்கும் பழமொழி, கனவிற் கண்டால் பலன், இவற்றுக்கிடையே உண்ணலாமா கூடாதா என்ற சட்டம். அச்சட்டம் ஒரு பகுதியே என்பதைக் கவனிக்க வேண்டும். அது மட்டுமே போதும் என்று அந்த ஃபகீஹ் கருதியிருந்தால், நூல் நாலு ஏட்டில் முடிந்திருக்கும்.

இதனை இப்போது எழுதக் காரணம் உள்ளான். நம் கடலோர ஊர்களில் உள்ளான் என்றால் பலருக்கு முதலில் நினைவு வருவது கறிதான். உடம்புக்குச் சூடு தரும், இளைப்புக்கு நல்லது என்று சொல்லிக் கட்டுக்கட்டாக வாங்கிய காலம் உண்டு. மறைவில் அது இன்னும் முற்றாக ஒழியவில்லை. "நீர்ப்பறவை நம் மத்ஹபில் பொதுவாக ஹலால்தானே? ஆண்டவன் ஆகுமாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கும்?" என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கேள்வி நேர்மையானது. விடையும் நேர்மையாக இருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பறவை யார் என்று பார்ப்போம். நாகை மாவட்டத்தில், வங்கக் கடலோரம் தெற்கே வந்து சட்டென்று மேற்கே திரும்பும் மூலையில் இருப்பது கோடியக்கரை. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரணியமும், நம்மவர் வாழும் தோப்புத்துறையும் அதற்கு அண்மையில் உள்ளவை. 1967இல் அரசு அதனைச் சரணாலயம் ஆக்கிற்று. 2002இல் அதுவும் அதனை அடுத்த சதுப்பு நிலமுமாக 38,500 ஹெக்டேர் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்து சதுப்பில் நீர் பரவும் காலத்தில், சேற்றுப் பரப்பெங்கும் உள்ளானும் உப்புக்கொத்தியும் கோட்டானும் இறங்கியிருக்கும். மேலே ஆலாக்கள், மீனைக் கண்ட இடத்தில் ஒரு கணம் நின்று சிறகடித்து, கல் விழுந்தாற்போல் நீரில் விழும்.

இவற்றுள் கொசு உள்ளான் என்பது உள்ளங்கையில் அடங்கும். அதன் எடை பெரும்பாலும் 30 கிராமுக்குள்தான். இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை அடுத்த ருஷ்யப் பனிவெளியில். வளைமூக்கு உள்ளானுக்கும் தாயகம் சைபீரியாவின் வடகோடியே. கோடியக்கரையில் காலில் வளையமிட்டு விட்ட பறவைகள் ருஷ்ய நாட்டில் மீண்டும் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு தொலைவும் அது வருவது நம் சேற்றில் உள்ள புழுவுக்கும் சிறு நத்தைக்கும் ஆகவே. கோட்டானின் நீண்ட வளைந்த அலகு ஆழத்துப் புழுவை எடுக்கும். உள்ளானின் அலகு அதற்கு மேலுள்ளதை எடுக்கும். உப்புக்கொத்தி குட்டை அலகால் மேற்பரப்பில் ஊர்வதைக் கொத்தும். ஒரு முழச் சேற்றில் அடுக்கடுக்காக ரிஸ்க் பங்கிடப்பட்டிருப்பதைக் கண்ணாரக் கண்டவர், ரஸ்ஸாக் என்னும் திருநாமத்தை அதன் பின் வெறும் நாவால் ஓத முடியாது.

மார்ச்சு, ஏப்ரலில் திரும்பும் பயணம். அதற்கு முன் அவை இரவும் பகலும் மேய்ந்து உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அதுதான் வழிச்சோறு. அந்நாட்களில் ஒரு கூட்டத்தை வீணாக விரட்டிக் கிளப்புவதும், முஸாபிரின் கட்டுச்சோற்றில் கைவைப்பதும் ஏறத்தாழ ஒன்றே.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். ஆகுமான வேட்டை எங்கும் எப்போதும் ஆகும் என்று மார்க்கம் சொல்லவில்லை. இஹ்ராம் உடுத்தவருக்கு நிலத்து வேட்டை விலக்கப்பட்டது. ஹரமின் எல்லைக்குள் இஹ்ராம் இல்லாதவருக்கும் விலக்கு. அங்கே புறா ஹராமான பறவையாக மாறிவிட்டதா? இல்லை. பறவை அதே பறவை. இடமும் நிலையும் அதற்கு அடைக்கலம் தந்தன. மதீனாவின் இருபுறத்துக் கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தையும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹரமாக்கினார்கள். இவையன்றி 'ஹிமா' என்ற ஒன்றும் உண்டு. பொதுநலம் கருதி ஒரு புல்வெளியைக் காப்பு நிலமாக ஒதுக்குவது அது. நகீஃ என்னும் இடத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்திலும் ஹிமாக்கள் இருந்தன. கோடியக்கரையை நாம் ஹரமோடு ஒப்பிடவில்லை, அல்லாஹ் காப்பானாக! ஆகுமான ஒன்றைப் பொதுநலத்துக்காக ஓரிடத்தில் தடுத்து வைப்பது நம் சட்டநூல்கள் அறியாத புதுமை அன்று என்று மட்டுமே சொல்கிறோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ஹலாலை ஹராமாக்க வரவில்லை. கட்டுப்பட்டு வாழ ஒப்பிய நாட்டின் சட்டத்தை, உண்ணாவிட்டால் உயிர் போகாத ஒரு கறிக்காக மீறுவதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பது தகாது.

மற்றொன்றும் உண்டு. வலையில் பட்டவற்றைக் கழுத்தை முறித்துச் சாக்கில் திணித்துக் கொண்டுவருவது அத்தொழிலில் நடக்கிறது. முறைப்படி அறுபடாமல் செத்தது மைதா. "இது ஆகுமா?" என்று உள்ளானின் சாதியைக் கேட்டவர், சாக்கில் நடந்ததைக் கேட்டதாக நாம் அறியோம். வலை விரிப்பவன் மேல் நமக்குப் பெருங்கோபம் இல்லை. அவன் வயிற்றுக்காக விரிக்கிறான். வாங்குபவருக்கு அந்தப் பசி இல்லை. சிறகு களைந்தால் ஒரு கவளம்கூடத் தேறாத உடம்புக்காகப் பனிநாட்டிலிருந்து வந்த உயிர் போகிறது. திருமறையின் அன்ஆம் அத்தியாயம் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்கிறது. பயணத்தில் தோழர்கள் ஒரு சிறுபறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து தவித்ததைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அங்கே அந்தப் பறவை ஹலாலா என்ற பேச்சே எழவில்லை.

"ஆகுமா" என்ற கேள்வி எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதற்குச் சாலிம் அலி அவர்களின் வரலாறே சான்று. 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமன் அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தவர். பத்து வயதளவில், பொம்மைத் துப்பாக்கி போன்ற காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் கறை. இப்படிப்பட்டது ஆகுமோ என்ற ஐயத்தோடு மாமனிடம் கொண்டு சென்றார். மாமனுக்கும் அது இன்னதென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துச் செயலாளர் மில்லார்டு துரையிடம் அனுப்பினார். துரை அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். 1987இல் மறையும் வரை அந்த மனிதர் பறவையை விட்டு அகலவில்லை. கோடியக்கரையின் பெருமை நாட்டுக்குத் தெரிந்ததில் அவர் பங்கு பெரிது. அவர் கருணையே உருவானவர் என்று கதை கட்டவும் வேண்டா. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேர்த்தவர்தாம். ஆயினும் மார்க்கம் விதித்த ஒரு தயக்கம் அந்தச் சிறுவன் கையைச் சற்று நிறுத்தி, கண்ணைத் திறந்தது. நிறுத்தாமல் சமையலறைக்குப் போயிருந்தால் அன்று ஒரு துண்டு கறி, அவ்வளவே.

கழகத்தார் கோடியக்கரையில் வளையமிட்ட பணியில் மீர்ஷிகார்கள் என்போரும் இருந்தனர். பீகார்ப் பக்கத்து முஸ்லிம் வேடர்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடிப்பதே தொழில். எந்தச் சேற்றில் எது எப்போது இறங்கும், எவ்வாறு கண்ணி வைத்தால் கால் நோகாமல் சிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தது படித்தவருக்குத் தெரியாது. அதே கண்ணி, அதே கை. பிடித்த பறவையை எடை பார்த்து, சிறகை அளந்து, வளையம் பூட்டி, விட்டுவிடுவர். செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்று மதரஸாவில் முதற்பாடமாக நாம் ஓதுவிக்கிறோம். இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் நமக்குக் கிடைத்ததில்லை.

பறவை பார்ப்பது செல்வர் பொழுதுபோக்கு, வீண் வேலை என்பாரும் உளர். வீணாகவும் ஆகலாம். பெயர்ப் பட்டியலை நீட்டிப் பெருமை பேசுவதற்காகவும், படம் பிடிப்பதற்காகக் கூட்டத்தை வேண்டுமென்றே கிளப்புவதற்காகவும் போகிறவர், போகாமலிருப்பதே நலம். சின்ன ஆலா கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிற முட்டை. கேமராவும் கையுமாக அண்ணாந்து நடப்பவரின் காலடியில் அது நசுங்கினால், வலை விரித்தவனை அவர் எந்த வாயால் குறை கூறுவார்? முல்க், நஹ்ல் அத்தியாயங்கள் வானத்துப் பறவையின்பால் நம் பார்வையைத் திருப்புகின்றன. அந்தப் பார்வைக்கு விலையுயர்ந்த தூரக்கண்ணாடி நிபந்தனையன்று.

பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் டிசம்பர், ஜனவரியில் செல்லலாம். சுபுஹு முடிந்ததும் புறப்பட வேண்டும். வெயில் ஏறினால் சேற்றின்மேல் கானல் எழுந்து எதுவும் தெளிவாகத் தெரியாது. கடலோரச் சேற்றில் நீர் வற்றும் வேளை நல்லது. கரையில் ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். உள்ளான் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பத்தடி பின்வாங்குங்கள். சற்று நேரத்தில் அது மீண்டும் குனிந்து மேயத் தொடங்கும்.