கட்டணமில்லாச் சீட்டின் கடன்

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்றவுடன் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்யலாம் என்பது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள், 'விடியல் பயணம்' என்ற பெயரும் வந்தது. 2023இல் கர்நாடகமும் தெலங்கானாவும் இதே வழியில் இறங்கின. தொடக்கத்தில் இதற்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்கிட்ட அரசு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 3,600 கோடி ஒதுக்கியது. ஊரார் வரிப்பணத்தில் இவ்வளவு பெரிய தொகையை எடுத்துக் கொடுப்பது நியாயமா என்று கேட்பவர்களை ஏழைகளின் எதிரிகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கேட்கவேண்டிய கேள்விதான் அது.

பயனைப் பற்றிச் சந்தேகமில்லை. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை. காலையில் ஒரு வீடு, மாலையில் இன்னொரு வீடு என்று பாத்திரம் தேய்க்கப் போகிறவருக்கு அப்படியல்ல. போக, வர, மறுபடி போக, வர என்று நாளுக்கு நாலு டிக்கெட். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் கூடுதல் கூலிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தும், பஸ்ஸுக்குப் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து உள்ளூரிலேயே நின்றுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். வீட்டில் கை நீட்டிக் காசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்கும் அம்மா வீட்டுக்கும் போய்வர முடிகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் கொத்தனார் காசு கொடுத்துத்தான் ஏறுகிறார். நல்ல வசதியுள்ள பெண்ணுக்கும் கட்டணமில்லை, அன்றாடங்காய்ச்சி ஆணுக்கு உண்டு என்றால் உறுத்தத்தான் செய்யும். கார் வைத்திருப்பவர் வெள்ளை போர்டு மாட்டிய சாதாரணக் கட்டண பஸ்ஸுக்காக வெயிலில் காத்து நிற்பதில்லை என்பது ஓரளவுக்குப் பதில். வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படியேற வைத்தால் யாருக்கு அவசியமோ அவர்தான் முதலில் விடுபட்டுப் போவார் என்பது அதைவிட வலுவான பதில். இந்தக் குறையோடு திட்டத்தை ஏற்கலாம். கொத்தனாரின் குறை தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல் கொடுப்பவர் பக்கம் இருக்கிறது. தமிழகத்தில் அரசு பஸ்களை ஓட்டுவது அரசுத் துறை அல்ல. எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள். சட்டப்படி அவை கம்பெனிகள். பெண் பயணிக்கு நடத்துநர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டு ஒவ்வொன்றும் கழகத்துக்கு அரசு கொடுக்கவேண்டிய பாக்கி. வருமானத்துக்கு இப்படிப் பெருமளவு அரசின் கையை எதிர்பார்க்கும் கழகம், கட்டணத்தைத் தானாக உயர்த்தவும் முடியாது. 2018 ஜனவரிக்குப் பிறகு கட்டணம் உயரவில்லை. அப்போது லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் பிறகு 90ஐத் தாண்டிவிட்டது. டீசல் மானியம், மாணவர் பயணச் சலுகை மானியம் எல்லாம் அரசு தருகிறது. தந்த பின்னும் விழும் துண்டு எங்கே போய் நிற்கிறது?

ஓய்வுபெற்ற ஓட்டுநரின் வீட்டுத் திண்ணையில் போய் நிற்கிறது. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து முதுகு தேய்ந்தவர், கடைசி நாள் மாலையும் சால்வையுமாக டிப்போவிலிருந்து வீட்டுக்கு வருகிறார். தலைமைச் செயலகத்தில் அதே நாளில் ஓய்வுபெறும் உதவியாளருக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வரும். இவருக்கு, 1998இல் ஏற்படுத்திய ஓய்வூதிய நிதி அறக்கட்டளையிலிருந்து வரவேண்டும்; அதற்குப் பணம் கழகங்களிடமிருந்து போகவேண்டும். பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் காத்திருந்தவர்கள், அகவிலைப்படி உயர்வு ஆண்டுக்கணக்கில் நின்றுபோய் நீதிமன்றப் படியேறியவர்கள் ஏராளம். 2024 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, தொழிற்சங்கங்கள் பஸ்ஸை நிறுத்திப் போராடியபோது முன்வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று ஓய்வூதியர்களின் இந்த அகவிலைப்படி நிலுவைதான்.

நியாயமாகப் பேசவேண்டும். கழகங்களின் கடன் 2021க்கு முந்தியது. பெண்கள் காசு கொடுக்காமல் ஏறியதால் வந்ததல்ல. சொல்லப்போனால் அந்த மானியம்தான் பல பணிமனைகளை ஓட வைத்திருக்கிறது. அதனாலேயே அரசின் பொறுப்பு கூடுகிறது. ஒரு திட்டத்துக்கு 3,600 கோடி ஒதுக்க முடிகிற அரசால், அந்த பஸ்ஸை ஓட்டிக் களைத்தவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்க வழியில்லை என்று சொல்ல முடியாது. பயணிக்குக் கொடுப்பது கொடை, தொழிலாளிக்குக் கொடுப்பது கடன். கடனை நிறுத்திவைத்துக் கொடை வழங்குவது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுதான். அந்தப் புண்ணியத்தில் அரசுக்குப் பங்கு கிடையாது.

கழகங்களுக்கு விழும் துண்டு இன்னொரு வழியிலும் இறங்குகிறது. ஆள் பற்றாக்குறை, பஸ் பழுது என்று 'டிரிப் கட்' ஆகும்போது, ஊர்க்கோடியில் நிற்கிற பெண்ணுக்குக் கட்டணமில்லாப் பயணம் காகிதத்தில்தான் இருக்கிறது. ஷேர் ஆட்டோவுக்கு அவள் கொடுக்கும் இருபது ரூபாய் எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராது. கைகாட்டியும் நிற்காமல் போகும் பஸ், 'ஓசி' என்ற ஏச்சு இரண்டையும் ஓட்டுநர், நடத்துநரின் குணக்கேடு என்று தள்ளிவிடுவது எளிது. மனம் வெறுத்த தொழிலாளியையும் மதிப்பில்லாத பயணியையும் எதிரெதிரே நிறுத்தியது யார் என்றும் கேட்கவேண்டும்.

கட்டணமில்லாப் பயணம் தொடரவேண்டும். கூடவே, ஒவ்வொரு சீட்டுக்கும் உண்மையில் ஆகும் செலவை, டிக்கெட் விலையை மட்டுமல்ல, அரசு மாதாமாதம் முன்பணமாகக் கழகத்துக்குக் கட்டவேண்டும். ஓய்வூதியம் கருவூலத்துக்கு மாறவேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை நடை ஓடவேண்டும், எத்தனை ஓடியது என்பதைப் பணிமனை வாசலில் எழுதி ஒட்டவேண்டும். இதற்குப் பணம் போதாது என்றால் வரியைக் கூட்டுவதா, வேறு செலவைக் குறைப்பதா என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்கட்டும். ஓய்வுபெற்றவரின் பணிக்கொடையில் கை வைக்காமல் எடுக்கும் எந்த முடிவும் விவாதத்துக்கு உரியது.