உடலினுள் நிகழும் மடிவும் கொல்லாமையும்

அண்மையில் நம் ஊர் ஜினாலயத்தில் சுவாத்தியாயம் முடிந்து எழுந்த வேளையில், உயிரியல் பயிலும் இளைஞர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, நம் சரீரத்தில் நொடிதோறும் இலட்சக்கணக்கான உயிரணுக்கள் மடிகின்றன, அவற்றை வேறு உயிரணுக்கள் விழுங்குகின்றன. உள்ளே இவ்வாறு நடக்க, வெளியே கொல்லாமை பேசுவது எப்படிப் பொருந்தும்?" அருகிலிருந்த பெரியவர், "அது கொலையன்று தம்பி, அந்த அணு சல்லேகனை ஏற்கிறது" என்றார். நமக்கு வினாவும் நிறைவளிக்கவில்லை, விடையும் நிறைவளிக்கவில்லை.

இளைஞரின் கணக்கு மிகையன்று. 2021-இல் வெளியான ஒரு கணிப்பின்படி, மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி உயிரணுக்கள் மடிந்து புதியன தோன்றுகின்றன. பெரும்பாலானவை இரத்த அணுக்கள். ஒழுங்காக நிகழும் இம்மடிவுக்கு 1972-இல் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 'அப்போப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இவ்வாறு மடியும் அணு வெடிப்பதில்லை; சுருங்கி, உறை கிழியாமலே சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது.

அதனைக் காவலணுக்கள் அறிந்துகொள்ளும் விதமே வியப்புக்குரியது. அணுவின் உறை ஈரடுக்குக் கொழுப்புப் படலம். பாஸ்பாடிடைல்செரின் என்னும் கொழுப்பு, நலமான அணுவில் உள்ளடுக்கிலேயே நிற்கும். வெளியே நழுவுவதை உள்ளிழுக்க ஒரு புரதம் உண்டு. மடியத் தொடங்கிய அணுவில் காஸ்பேஸ் என்னும் நொதிகள் அப்புரதத்தை வெட்டிவிடுகின்றன. ஈரடுக்கையும் கலக்கும் மற்றொரு புரதத்தை முடுக்கிவிடுகின்றன. கொழுப்பு வெளிமுகத்தில் தோன்ற, மாக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கணு அதனைத் தொட்டறிந்து விழுங்குகிறது. இவ்வோர் அடையாளம் மட்டும் போதாது. குருதி உறையும்போது தூண்டப்பட்ட தட்டணுக்களும் இதனைக் காட்டும். ஆகவே 'என்னை உண்ணாதே' எனத் தடுக்கும் சிடி47 போன்ற குறிகளும் உடன் நோக்கப்படுகின்றன. விழுங்கியபின் பெருவிழுங்கணு அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அடிபட்டு வெடித்த அணுவெனில் வீக்கமும் வலியும் தோன்றும். காலத்தே அகற்றப்படாத அணுக்கள் சிதைந்து கசிந்தால், உடல் தன்னையே பகையெனக் கொள்ளும் லூபஸ் போன்ற நோய்க்கு அது துணையாகலாம்.

இனிப் பெரியவரின் கூற்று. சல்லேகனை என்பது விவேகத்தோடு, குருவின் அனுமதி பெற்று, எல்லா உயிரிடமும் மன்னிப்பு வேண்டி மேற்கொள்ளும் விரதம். நொதி ஒன்று புரதத்தை வெட்டுவதில் விரதம் எங்கே உள்ளது? உவமை அழகியதே, ஆயினும் விரதத்தை அது மலிவாக்குகிறது. புற்றணுக்கள் பல சிடி47-ஐ மிகுதியாகக் காட்டித் தப்புகின்றன. அவற்றைப் பாவி என்போமா?

இளைஞரின் வாதமும் நில்லாது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கையில், பிராணன் பிரிவதோடு பிரமாதம் பொருந்திய செயலையும் சேர்த்தே கூறுகிறது. பெருவிழுங்கணுவுக்குச் சினமில்லை, நமக்கும் அதன்மேல் ஆணையில்லை. (ஒவ்வோர் அணுவும் தனி ஜீவனா என்னும் நுண்வினாவை ஆசாரியர்களுக்கே விடுகிறோம்.) தவிர்க்க இயலாத ஒன்றைக் காட்டித் தவிர்க்கக் கூடியவற்றுக்கு விலக்குக் கேட்பதே இவ்வாதத்தின் ஆபத்து. வடிகட்டாத நீரும் இரவுணவும் நம் இல்லங்களுள் நுழைந்தது இவ்வழியாகத்தான்.

இளைஞர் சற்று மௌனமாயிருந்து, "காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்கிறோமே, அது?" என்றார். அங்கே உண்பவர் நாம். எவை மடியும் என்பதும் நமக்குத் தெரியும். விரோதி ஹிம்சை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. நாம் அன்று அவ்வாறு விரைந்து விடை கூறவில்லை. அம்மருந்து சிறிதும் பயன்படாத சாதாரணச் சளிக்கும் அதனைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் நம் வழக்கத்தை மட்டும் நினைவூட்டினோம். சென்ற மாதம் தாமும் அவ்வாறு உண்டதாக அவர் ஒப்புக்கொண்டார்.