யார் செய்த வினை?

மலேசியாவின் பெண்டாங் தோட்டத்துக் கோயிலில், பார்வையற்ற என் அண்ணன் மகளைக் கண்டால் பெரியவர்கள் "போன பிறவி வினை" என்பார்கள். வினைப்பயனை நானும் நம்புகிறவள்தான். ஆனால் பல்கலைக்கழகப் பாடக்குறிப்பைத் திறந்தால் திரையில் உள்ளதை அவளுக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பேச மறுக்கிறது. பக்கங்களை வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். திரைவாசிப்பானுக்குப் படிக்க எழுத்தே இல்லை. இதற்கும் அவள் வினைதான் காரணமா? இந்தப் பிறவியில் இன்னொருவர் செய்யாமல் விட்ட வேலை இது.

அவள் பயன்படுத்தும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர். தனக்கு வேண்டியதைச் செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அறம் என்றால் எனக்கு அதுதான்.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. பாடக்குறிப்பு ஏற்றுபவர்களும் செயலி வடிவமைப்பவர்களும் முதல் நாளே என் அண்ணன் மகளைப் பக்கத்தில் உட்காரவைக்கட்டும். திரைவாசிப்பான் படிப்பதற்கு எந்தப் பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை என்று உடனே சொல்லிவிடுவாள்.