எண்ணெயும் திராட்சை மதுவும்

ஹெராயினுக்கு அடிமையாயிருந்த ஒருவர் அதைக் கைவிட்டு, மருத்துவர் தரும் மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொண்டு வாழ்கிறார். வேலைக்குச் செல்கிறார், பிள்ளைகளைப் பேணுகிறார். ஆனால் மருந்தை நிறுத்தினால் அவர் உடல் துடிக்கும். இவர் விடுதலை பெற்றவரா? அல்லது ஒரு தளையைக் கழற்றி மற்றொன்றை அணிந்துகொண்டவரா? இது மருத்துவக் கேள்வி மட்டுமன்று; அறநெறிக் கேள்வியுமாகும்.

இச்சிகிச்சையை 1960களின் நடுவில் நியூயார்க்கில் தொடங்கியவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர்கள். மூளையில் ஹெராயின் பற்றும் இடங்களையே மெத்தடோனும் பற்றுகிறது. ஆயினும் மெதுவாக, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நின்று செயல்படுவதால், வெறிமயக்கமும் வேதனையும் மாறி மாறி வந்து மனிதரை அலைக்கழிப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் இதனையும் பியூப்ரெனார்பினையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

அதே நகரில்தான் இதற்கு எதிர்க்குரலும் எழுந்தது. 1970 நவம்பரில், வறுமை மிகுந்த தென் பிராங்ஸ் பகுதியில், இளம் போராளிகள் லிங்கன் மருத்துவமனையின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போதை நீக்க மையம் தொடங்கினர். அவர்களும் முதலில் மெத்தடோனையே பயன்படுத்தினர். ஆனால் அதைக் காலமெல்லாம் கொடுப்பது ஏழைகளை அடக்கிவைக்கும் வழியென ஐயுற்றனர். அந்நாள்களில் ஹாங்காங்கில் வென் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர், வலி தெரியாதிருக்கக் குத்திய அக்குபங்சர் ஊசிகள் அபின் விலகலின் வேதனையையும் தணித்ததைக் கண்டு 1973இல் எழுதினார். லிங்கனில் இருந்தவர்கள் அம்முறையைக் கற்றனர். காதுமடலில் ஐந்து இடங்களில் மெல்லிய ஊசிகள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பலரும் ஒரே அறையில் அமைதியாக அமர்ந்திருத்தல். இதுவே அங்கு உருவான முறை. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது.

மருந்தா, ஊசியா? இக்கேள்வியில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜூன் 20 அன்று உரோமையில், போதைப்பொருள் தடுப்பு மாநாட்டினரிடம் பேசியபோது, மாற்றுப் போதை மருந்துகள் போதிய சிகிச்சையல்ல என்றும், அவை தீமைக்கு மறைமுகமாகப் பணிந்துபோதலே என்றும் எச்சரித்தார். மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு மனிதரைக் கைவிடும் சமூகத்தை நோக்கியதாக இச்சொல்லைக் கேட்போமானால், அதன் நியாயம் விளங்கும். லிங்கனின் ஐயமும் அதுவே.

ஆனால் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு, சிகிச்சையில் இருக்கும் ஒருவரிடம், "மருந்தை எறிந்துவிடு, செபம் போதும்" என்று எந்த அருள்பணியாளரும் கூறலாகாது. மருந்தை விட்டவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். அவர் மீண்டும் தவறி விழுந்தால், முன்பு பழகிய அளவே அவரைக் கொன்றுவிடக்கூடும். உயிரோடிருப்பவரே மனந்திரும்ப முடியும். மேலும், பழக்கமும் கட்டுக்கடங்காத பற்றும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவும் நீக்கவுங்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1735ஆம் எண்ணில் கற்பிக்கிறது. உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பது வேறு. அன்பையும் கடமையையும் வாய்மையையும் விழுங்கிவிடும் அடிமைத்தனம் வேறு. முன்னது பின்னதிலிருந்து மீட்குமானால் அதை இழிவென்று சொல்ல நாம் யார்?

ஊசியைப் பற்றியும் உண்மை பேசவேண்டும். அது மட்டுமே அடிமைத்தனத்தை நீக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மருந்தோடு சேர்ந்து துணைசெய்யக்கூடும் என்பதற்குச் சான்றுகள் சில உண்டு. சீனாவில் மெத்தடோன் உட்கொள்ளும் 118 பேரிடம் எட்டு வாரம் நடந்து, 2024இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையான அக்குபங்சர் பெற்றவர்களுள் 62 விழுக்காட்டினர் தம் மருந்தளவை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தனர். போலி ஊசி பெற்றவர்களுள் 29 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். இது சிறிய ஆய்வு. நம்பிக்கை தருவது, முடிந்த தீர்ப்பன்று. துன்புறுகிறவரிடம் இதற்கு மேல் வாக்களிப்பது இரக்கத்தின் பெயரால் சொல்லும் பொய்யாகிவிடும்.

நல்ல சமாரியரை நினைத்துப் பார்ப்போம். அவர் காயத்தில் எண்ணெயும் வார்த்தார். திராட்சை மதுவும் வார்த்தார். ஒன்று ஆற்றுவதற்கு, மற்றொன்று தூய்மையாக்குவதற்கு. எது உயர்ந்தது என்று வழக்காடவில்லை. அடிபட்டவர் ஏன் அந்த வழியே தனியாகச் சென்றார் என்று விசாரிக்கவுமில்லை. தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடியில் சேர்த்தார், பணம் கொடுத்தார். இன்ன நாளுக்குள் இவர் எழுந்து நடக்கவேண்டும் என்று கெடு வைக்காமல், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார்.

அந்தத் திரும்பி வருதலே நம்மிடம் கேட்கப்படுவது. மருந்து உயிரைக் காக்கலாம். ஊசி உடலின் தவிப்பைத் தணிக்கலாம். ஆனால் பிராங்ஸின் அந்த அறையில், காதில் ஊசியோடு அமர்ந்திருந்தவருக்கு அருகில் இன்னொருவரும் அமர்ந்திருந்தார். அந்த அண்மையை எந்த மருந்துக்கடையும் விற்பதில்லை. அதைக் கொடுக்கவேண்டியவர்கள் குடும்பத்தாரும் பங்கு மக்களுமே. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, மருந்து உண்பவரைப் பார்த்து, "இன்னுமா நீ விடுபடவில்லை?" என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை.