வாயில்லா உயிரின் வயிற்றுப்பிணியும் நம் வினையும்

சிவமயம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் விளங்குவது தீர்த்தமலை என்னும் திருத்தலம். ஈண்டு இறைவன் தீர்த்தகிரீசுவரர் எனவும், இறைவி வடிவாம்பிகை எனவும் திருப்பெயர் கொண்டு எழுந்தருளியுள்ளனர். அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்ற மலை இது. இராமபிரான் சிவபூசைக்கு நீர் வேண்டி அனுமனைக் கங்கைக்கு விடுத்தனர் என்றும், அவர் வரவு தாழ்த்தமையின் அம்பு எய்து மலையினின்றே நீர் வருவித்தனர் என்றும், பின்னர் வந்த அனுமன் தாம் கொணர்ந்த நீரை எறிய, அது வீழ்ந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமந்தீர்த்தம் என்றும் தலவரலாறு கூறும். இராம தீர்த்தமேயன்றிக் குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்பனவும் இம்மலைக்கண் உள. இவற்றுள் அகத்திய தீர்த்தம் வயிற்றுப்பிணிக்கு நன்மருந்தாம் என்பது மலையேறும் அடியார் பலரது நம்பிக்கை.

அம்மலையின் அடிவாரத்தில் எமக்கு எழுந்த ஓர் ஐயமும், அதற்கு யாம் தேடிக்கண்ட விடையுமே இக்கட்டுரைப் பொருளாவன. ஐயத்திற்குக் காரணமாயிருந்தது ஒரு சிறு நாய். பொருள் சிறிதென்று அன்பர்கள் இகழாது கேட்பார்களாக.

அந்நாய் எமது இல்லத்தில் ஏழாண்டாக வளர்வது. மடியில் அடங்கும் அளவே உருவுடையது. மூன்றாண்டாக அதற்குச் செரிமானப் பிணி. வைகறையில் வெறுவயிற்றோடு மஞ்சள் நீரைக் கக்கும். சில நாள் உணவை முகர்ந்து பார்த்து முகந்திருப்பிப் படுத்துக்கொள்ளும். சில நாள் சீதங்கலந்து கழியும். மருத்துவர் பலவாறு ஆராய்ந்து, 'இஃது அடியோடு நீங்கும் நோயன்று. உணவாலும் மருந்தாலும் அடங்கிநிற்கும் நோய்' என்றனர். கொழுப்பு மிகக் குறைந்த உணவைச் சிறிது சிறிதாக நாளொன்றுக்கு நான்கு முறை குறித்த பொழுதில் தருதல் வேண்டும். எவ்வுணவு ஒவ்வாதென்று தெளிதற்குப் பல கிழமைகள் ஒருவகை உணவையே அளித்து, வேறொரு கவளமும் வாயிற்படாது காத்தல் வேண்டும். இவை சொல்லுதற்கு எளியன. நாள்தோறும் செய்தற்கு எத்துணை அரியன என்பதை நெடுநாட் பிணியாளரைப் பேணினோர் அறிவர்.

சென்ற ஆண்டு தீர்த்தமலை வழிபாட்டிற்குப் புறப்பட்ட யாம், வீட்டில் விட்டுவர ஆளின்மையின் நாயையும் உடன்கொண்டு சென்றேம். அடிவாரத்து மரநிழலில் அதற்குரிய உணவை அளந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, அருகிருந்த முதியவர் ஒருவர் வரலாற்றை வினவியறிந்து, "தம்பி, இதன் நோய் இதன் வினை. அது பட்டுத் தீர்க்க வேண்டியதை நீர் ஏன் குறுக்கே நின்று தடுக்கிறீர்? கோயிலடியில் விட்டுச் செல்லும். வருகின்றவர்கள் சோறு இடுவார்கள், ஈசன் பார்த்துக்கொள்வான்" என்றனர். அவர் சொல்லிற் கொடுமையில்லை, பரிவே இருந்தது. முந்திய இரவு மும்முறை எழுந்து தரையைத் தூய்மை செய்த களைப்பு எம்பால் இருந்தது. ஆகலின் ஒரு நொடி எம் உள்ளம் அதற்கு இசைந்தது என்பதை மறைத்தல் பொய்யாகும். அந்நொடியை எண்ணியே பின்னர் இவற்றை ஆராயலாயினேம்.

உயிர்கள் தத்தம் வினைக்கீடாகத் தனு, கரண, புவன, போகங்களைப் பெறுகின்றன என்பது சித்தாந்த நூற்றுணிபு. நாயுடல் கொண்ட உயிரும் ஆணவத்தாற் கட்டுண்டு, இறைவன் திருவருளால் மலம் நீங்கி வீடெய்துதற்குரிய பசுவே. அதற்கு வந்த நோய் பிராரத்தம் என்பதும் உண்மை. ஆயின், ஆகலின் அதனைப் பேணற்க என்னும் முடிபு பிழையாம். என்னை? நோய் வினைவழி வந்ததாயின், அதனைக் கண்டு இரங்கும் மனையும், மருந்தறிந்த மருத்துவரும், வேளைதோறும் வைக்கப்படும் உணவுக்கலமும் வினைவழி வந்தனவல்லவோ? துன்பத்திற்கு மட்டும் வினையைக் காரணமாகக் காட்டி, ஆறுதலுக்கு வாயிலாகும் நம் கையை வினைக்குப் புறம்பென்று விலக்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

அன்றியும், வினைப்பயனைக் கூட்டுவோன் இறைவனே, நாம் அல்லேம். ஓருயிர் எத்துணைக் காலம் எத்துணைத் துன்பம் நுகர்தல் வேண்டும் என்னும் கணக்கு நம்பால் தரப்படவில்லை. தரப்பட்டது நம் செயல் ஒன்றே. நாயின் நோய் நாயின் பிராரத்தம். அந்நோயின் முன் நின்று யாம் செய்வதும் செய்யாதொழிவதும் எமது ஆகாமியம். அதன் பழவினையை ஆராய்ந்துகொண்டிருப்பவன் தன் புதுவினையை மறந்தவனாவன்.

அற்றேல், 'திருநாவுக்கரசு சுவாமிகளுக்கு வந்த சூலைநோய் இறைவன் அருளன்றோ? துன்பமும் அருளாமெனின் அதனை நீக்க முயல்வானேன்?' என்பாருமுளர். சமணம் புக்கிருந்த மருணீக்கியாரைச் சூலை கொடுத்து ஆட்கொண்டான் இறைவன் என்று பெரியபுராணம் கூறுவது உண்மையே. ஆயின், நோயுற்ற தம்பியார் இரவில் வந்து தம் அடியில் வீழ்ந்தபோது தமக்கையார் திலகவதியார் செய்தது யாது? 'இஃது அருள்; பொறுத்திரு' என்று கூறி வாளாவிருந்தாரோ? திருநீறு அளித்து, திருவதிகை வீரட்டானத்துக்கு உடன்கொண்டு சென்றனர். தம் நோயை அருளென்று உணரும் உரிமை நோயுற்றவர்க்கே உண்டு; அருகில் நிற்பவர்க்கு இல்லை. அருகில் நிற்பவர்க்கு உரியது திலகவதியார் செயல். மேலும், நாவுக்கரசர் யாரை அழைத்தழுவது என்று அறிந்தவர். அழுகையைப் பாட்டாக்கவும் வல்லவர். நாயோ வாயில்லாதது. அதன் முனகல் சென்று சேரும் இடம் நம் செவி ஒன்றே.

நாயினிடத்து நமக்குள்ளது இரக்கம் மட்டுமன்று, கடனும் உண்டு. உணவு செரிக்கும் முறையைப் பற்றி மருத்துவ உலகம் இன்று அறிந்தவற்றுள் ஒரு பகுதி நாய்களின் வயிற்றினின்று அறியப்பட்டது. ருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ் நாய்களின் இரைப்பையிலும் உணவுக்குழலிலும் துளையிட்டுச் செரிமான நீர்கள் சுரக்குமாற்றை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றனர். 1889-இல் மின்கோவ்சுகி, மேரிங் என்னும் இருவர் நாயின் கணையத்தை நீக்கிப் பார்த்து, நீரிழிவிற்கும் அவ்வுறுப்பிற்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். 1921-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெசுட்டும் இன்சுலினைக் கண்டதும் நாய்களைக் கொண்டேயாம். பாவ்லோவ் தாமே முன்னின்று 1935-இல் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்புவித்தனர். நம் வீட்டு முதியோர் இன்று உட்கொள்ளும் மருந்துகட்குப் பின்னே, பெயரறியா நாய்கள் பல பட்ட துன்பம் உளது. அவ்வினத்துள் ஒன்று செரியாமையால் வருந்தி நம் வாயிலிற் கிடக்குங்கால், 'அதன் வினை' என்று கூறி அகலுதல் வாங்கிய கடனை மறுத்தலோடு ஒக்கும்.

இனி, பேணுதல் வேண்டும் என்று துணிந்தபின் எழும் வினா மற்றொன்று: யாம் செய்வது அன்போ, பற்றோ? இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு யாம் கண்ட உரைகல் ஒன்றுண்டு. 'இது யார் பொருட்டு?' என்னும் கேள்வியே அது.

ஒரு திருநாளன்று நெய்யொழுகும் சர்க்கரைப் பொங்கலை இலையிலிட்டு உண்டுகொண்டிருந்தபோது, நாய் எம் முகத்தையே நோக்கியிருந்தது. மனம் பொறாது ஒரு பிடி வைத்தேம். அதன் பயன் ஐந்து நாள் வாந்தியும் கழிச்சலுமாக முடிந்தது. உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. வெங்காயமும் பூண்டும் அதன் செங்குருதியணுக்களைச் சிதைப்பன. நெய்யின் மிகுதி கணையத்தில் அழற்சி விளைக்கவல்லது. அப்பிடிப் பொங்கல் நாயின் பொருட்டு இடப்பட்டதன்று. அதன் நோக்கைத் தாங்கமாட்டாத எம் மனத்தின் பொருட்டு இடப்பட்டது. கொடுத்தல் பற்றாயிற்று, கொடாமை அன்பாயிருத்தல் வேண்டும். அடிவாரத்தில் விட்டால் வருவோர் சோறிடுவர் என்ற முதியவர் மொழியின் குறையும் இதனால் விளங்கும். நல்லெண்ணத்தோடு இடப்படும் அச்சோறே இந்நாய்க்கு நஞ்சாம்.

புலால் மறுத்த இல்லத்தார்க்கு இதனினும் அரியதோர் இடர்ப்பாடு உளது. மருத்துவர் முதற்கண் தோல் நீக்கி வேகவைத்த கோழியிறைச்சியும் சோறும் தருக என்றனர். யாம் திகைத்தேம். பூனை ஊனின்றி வாழாது. நாயோ மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து, ஓநாயினும் மிகுதியாக மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் பெற்றது என்பது 2013-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இதனைக் கருதி மருத்துவரை மீட்டும் வினவ, அவர் சோயாவின் புரதத்தை நுண்ணிதாகச் சிதைத்துச் செய்த மருந்துணவைக் காட்டினர். அதுவே இன்று எம் நாயின் உணவு. ஒருகால் அது ஒவ்வாதிருப்பின் என் செய்வேம் என்று எம்மை யாமே வினவினேம். கொல்லாமை நோன்பு எம்முடையது. அதன் வருத்தத்தை யாம் தாங்குதல் முறை. நோன்பின் புகழ் எமக்கும் பசி நாய்க்குமாகப் பங்கிடுதல் முறையன்று. ஆகலின் கொலையில்லாத வழியை அயராது தேடுதலும், தேடியும் கிடையாதவிடத்து மருத்துவர் சொல்லுக்கு அடங்குதலுமே செயற்பாலன என்று துணிந்தேம். உடன்படாத அன்பர்களும் இருப்பர். அவர்களும் அவ்வுரைகல்லில் தம் விடையை உரைத்துப் பார்ப்பார்களாக.

மூன்றாவது, கைவிடுதலும் உயிர் போக்குதலும். 'துன்பத்தினின்று அதனை விடுவித்துவிடுக' என்று எம்மிடம் கூறினோர் சிலர். மருந்திற்கு அடங்காது ஓயாது துடிக்கும் இறுதி நிலையிலுள்ள உயிரைப் பற்றிய வினா வேறு. அதனை மருத்துவரும் உடையவரும் இறைவனை முன்னிட்டுக் கண்ணீரோடு ஆராய்தல் வேண்டும். ஐந்து நாள் நலிந்து இருபது நாள் வாலாட்டித் திரியும் உயிருக்கு அவ்வினாவே எழாது. அங்கே முடிக்கக் கருதப்படுவது எவர் துன்பம்? நம் உறக்கக்கேட்டிற்கு இரக்கம் என்று பெயரிடுதல் தகுமோ? விலங்குவதைத் தடுப்புக்காக 1960-இல் இயற்றப்பட்ட சட்டமும், விலங்கைத் தம் பொறுப்பில் உடையோர் அதன் நலம் பேணுதலைக் கடமையாக விதித்து, பசி நீர்வேட்கையால் வருந்துமாறு அதனைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் வருமுன்னரே நம் நாட்டார் அறிந்த கதை தருமபுத்திரன் கதை. உடன்வந்த நாயை விட்டு வருக என்றபோது அவன் துறக்கத்தையே வேண்டாவென மறுத்தனன். நாயை அடிவாரத்தில் துறந்து மலையேறி யாம் காணும் கடவுள் யாவர்?

இவ்வாறெல்லாம் ஆராய்ந்தும், நள்ளிரவில் எழுந்து தரை கழுவும்போது மனம் சலியாதிருப்பதில்லை. அப்போது எமக்குத் துணையாவது நாவுக்கரசர் வரலாற்றின் பிற்பகுதியே. சூலை நீங்கப்பெற்ற அப்பெரியார் கையிற்கொண்டது உழவாரப்படை. வயிற்றுநோயின் கொடுமையை அறிந்தவர், தம் எஞ்சிய வாழ்நாளெல்லாம் கோயில் முற்றங்களிற் புல்லும் முள்ளும் நீக்கித் திரிந்தனர். அப்பணிக்கு எம் சிறு செயல் ஒப்பாகாது. எனினும், தூய்மை செய்தல் இழிதொழிலன்று என்பதும், இன்று செய்த இடத்தையே நாளையும் செய்யவேண்டியிருத்தல் தோல்வியன்று என்பதும் அவ்வுழவாரத்தால் யாம் அறிந்தவை. மீள மீள முளைக்கும் புல்லை அவர் வெறுத்தாரல்லர்.

அன்று முதியவரை வணங்கி, "ஐயா, இதற்கு நான்கு வேளையும் அளந்த உணவு வேண்டும், அதனை அறிந்தவர் எங்கள் வீட்டார் மட்டுமே" என்று கூறினேம். அவர் சிறிதுபோழ்து நாயை நோக்கியிருந்து, "அப்படியானால் அழைத்துப் போம், தம்பி" என்றனர். எம் இல்லாள் நாயோடு மரநிழலில் இருக்க யாம் மலையேறினேம். யாம் இறங்கியபின் அவர் ஏறினர். மருத்துவர் காய்ச்சிய நீரன்றிப் பிற தரலாகாது என்றிருந்தமையின், அகத்திய தீர்த்தத்தை நாய்க்கெனக் கொணர்ந்திலேம். எம் தலையில் தெளித்துக்கொண்டேம். சந்நிதியில் நின்றபோது, நோய் தீர்க என்று வேண்டவே வந்த எமக்கு அச்சொல் எழவில்லை. தீரும் நோயாயின் தீர்ப்பவன் அறிவன். மாலை ஆறுமணிக் கலத்தை மறவாத மனத்தையும், அதனை வைக்கும்போது முகஞ்சுளியாத அன்பையும் தருக என்றே வேண்டி இறங்கினேம்.

திருச்சிற்றம்பலம்