குனிந்து நுழையும் வாயில்

தேநீர் பருகுவதற்குத் தனி அறையா? தனி முறையா? அதைக் கற்க ஆண்டுக்கணக்கில் பயிற்சியா? ஜப்பானியரின் தேநீர்ச் சடங்கைப் பற்றிக் கேள்வியுறும் பகுத்தறிவாளன் இப்படித்தான் கேட்பான். கேட்கட்டும்! கேட்டபின், அந்த அறையையும் சற்றே எட்டிப் பார்க்கட்டும்.

1191-ல் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய் என்னும் துறவி தேயிலையின் பயனை ஜப்பானில் பரப்பினார். தியானத்தின்போது உறக்கம் வராதிருக்கத் துறவிகள் அருந்திய அப்பானத்தை ஒரு கலையாக முழுமைப்படுத்தியவர், 1522-ல் சக்காய் நகர வணிகர் குடியிலே பிறந்த சென் நோ ரிக்யூ. மாளிகை வேண்டாம், சிறு குடில் போதும். பொற்கலம் வேண்டாம், மண்கலம் போதும் என்றார் அவர். குடிலின் வாயிலோ ஏறத்தாழ இரண்டடி உயரம்! பிரபுவாயினும் குனிந்தே நுழைய வேண்டும். வீரனாயினும் வாளை வெளியே வைத்துவிட வேண்டும்.

உள்ளே வரம் கேட்பாரில்லை, மோட்சம் விற்பாரில்லை. நீர் கொதிக்கும் ஓசை, மூங்கிற் கடைகோலின் அசைவு, செய்யும் செயலில் சிதறாத கருத்து, இவையே அங்கு தியானம். ஒரே கிண்ணத்துத் தேநீரை விருந்தினர் பலரும் மாறி மாறிப் பருகுவதும் உண்டு. போற்றத்தக்க பண்பு! ஐயமில்லை.

ஆனால் தோழர்களே, அறைக்கு வெளியே நடந்ததென்ன?

ரிக்யூவிடம் தேநீர்க்கலை பயின்றவன் தொயொதொமி ஹிதெயோஷி. எளிய குடியிலே பிறந்து நாடாண்டவன். 1587-ல், உழவரும் வரலாம் என்று பறைசாற்றி, கியோத்தோவின் கித்தானோவில் பெருந்தேநீர் விருந்து நடத்தினான். பத்து நாள் என்றறிவித்த விருந்து ஒரே நாளில் முடிந்தது. மறு ஆண்டே உழவரிடமிருந்த வாள்களைப் பறிக்க ஆணையிட்டான். 1591-ல், உழவன் வயலை விட்டு வணிகத்துக்கோ கூலிக்கோ போகலாகாது, போர்வீரன் உழவனாகலாகாது என்று சட்டமும் செய்தான். தான் ஏறிவந்த ஏணியைத் தானே எடுத்தெறிந்தான்! அதே ஆண்டில், தன் ஆசான் ரிக்யூவையே தற்கொலை செய்துகொள்ளுமாறு பணித்தான். காரணம் பற்றி வரலாற்றாசிரியர் பலவாறு கூறுவர். ஆணை அவனுடையது என்பதில் ஐயமில்லை.

அவன் அக்குடிலில் அமைதி பெறவில்லையா? பெற்றிருக்கலாம். ஆனால் அமைதி வேறு, அறம் வேறு. உள்ளம் அடங்கியதாலேயே கை கொடுமையை விட்டுவிடுவதில்லை. வாசலில் வைத்த வாள் வாசலிலேயே காத்திருந்தது, திரும்பும்போது எடுத்துக்கொண்டான்.

அதற்காகக் குடிலை இடிக்கச் சொல்வோமா? வேண்டாம். மனிதர் சமமாக அமர முடியாது, பிறப்பின் வேற்றுமை இயற்கை என்று சாதிப்போருக்கு அந்தச் சிறு வாயில் அன்றே பதிலளித்துவிட்டது. பிரபுவும் வணிகனும் அருகருகே அமர்ந்தனர், வானம் இடிந்துவிடவில்லை! ஒரு நாழிகை முடிந்தது ஊழி முழுதும் ஏன் முடியாது? ஓர் அறைக்குள் இயன்றது ஒரு நாட்டில் ஏன் இயலாது?

குனியக் கற்றுத் தந்தார் ரிக்யூ. வெளியே வந்த பின்னும் வாளை எடுக்காதிருக்கக் கற்பதே எஞ்சியுள்ள பாடம். அதைத் தேநீர் கற்றுத் தராது. நாம்தாம் கற்க வேண்டும்.